கடைசியில் வைக்க வேண்டிய கப்

எங்கள் டீ கம்பெனியின் ஆண்டு மலருக்காக, தலைமை டேஸ்டரைப் பற்றி அரைப் பக்கம் எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார்கள். அவர் என் சகலை. என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். "உங்களைவிட அவரை யாருக்கு சார் நல்லா தெரியும்?" என்றாள் மலர் போடுகிற பெண். உண்மைதான். எட்டு வருடமாக ஒருவனைப் பார்த்து வயிறெரிகிறவனுக்குத் தெரியாதது வேறு யாருக்குத் தெரிந்துவிடப் போகிறது? உழைப்பு, பணிவு, புன்னகை என்று மூன்றையும் போட்டு அரைப் பக்கத்தை எழுதிக் கொடுத்துவிட்டேன். கொடுக்காமல் வைத்துக்கொண்ட மீதி இது. மலரில் 'அவர்' என்று எழுதினேன். இங்கே 'அவன்'தான்.

அவன் முதலில் தீயணைப்பு வண்டியில் இருந்தவன். ஆறடி உயரம். ஒரு கிடங்கு பற்றி எரிந்தபோது உத்திரம் சரிந்து இடது முழங்காலில் விழுந்தது. கால் பிழைத்தது, வேலை பிழைக்கவில்லை. ஆறு மாதம் வீட்டில் ஜன்னலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். என் மைத்துனி என் மனைவியிடம் அழுதாள். என் மனைவி என்னிடம் அழவில்லை, அவளுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. "உங்க கம்பெனில ஏதாவது பாருங்களேன்" என்று மட்டும் தினமும் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை சொன்னாள். மூன்றாவது வாரம் நானே அவனை அழைத்துக்கொண்டு போய், டேஸ்டிங் ரூமில் கப் கழுவுகிற வேலையில் சேர்த்துவிட்டேன். வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டியில் விட்டுக்கொண்ட கதை.

டேஸ்டிங் ரூம் என்றால் பெரிதாக ஒன்றும் நினைக்க வேண்டாம். வடக்குப் பக்கம் நீளமான ஜன்னல். அதை ஒட்டி இடுப்பளவு உயரத்தில் ஒரு மேடை. மேடைமேல் வரிசையாக வெள்ளைக் கப்புகள். ஒவ்வொன்றிலும் தராசில் நிறுத்த டீத்தூள் போட்டு, கொதிநீர் ஊற்றி, மூடி, ஆறு நிமிடம் கழித்து வடிப்போம். வெந்த இலையைக் கவிழ்த்த மூடியின்மேல் வைப்போம். பிறகு ஸ்பூனால் அள்ளி, பக்கத்துத் தெருவுக்குக் கேட்கிற மாதிரி 'சுர்ர்ர்' என்று உறிஞ்சி, வாயில் ஒரு சுற்றுச் சுற்றி, சக்கரம் வைத்த தொட்டியில் துப்பிவிட்டு அடுத்த கப்புக்கு நகர வேண்டும். விழுங்கக் கூடாது. ஒரு நாளைக்கு முந்நூறு கப். விழுங்கினால் ராத்திரி ஆந்தையோடு பேசிக்கொண்டிருக்க வேண்டியதுதான். இருபத்திரண்டு வருடம் துப்பியே பெயர் வாங்கியவன் நான். லோடு ஏற்றுகிற ஆட்கள் வரைக்கும் என்னை 'நாக்கு சார்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

சகலை சேர்ந்து நாலு மாதம் இருக்கும். அன்றைய வரிசையில் ஒரு கப்பை உறிஞ்சியதும் என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஒரே புகை. எங்கள் தொழிலில் டீயில் புகை வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். இலை காய வைக்கிற அடுப்பில் எங்கேயோ விரிசல், அடுப்புப் புகை இலைக்குள் போய்விட்டது. 'புகை வாடை, அடுப்புக் கசிவு, வேண்டாம்' என்று எழுதிவிட்டு நகர்ந்தேன். இரண்டு கப் தள்ளிப் போயிருப்பேன், பின்னால் சத்தமே இல்லை. கப் கழுவுகிறவன் பின்னால் இருந்தால் கலகல என்று ஏதாவது கேட்க வேண்டும். திரும்பிப் பார்த்தேன். அவன் அந்தக் கப்பைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றான். மிச்சத்தைக் குடித்திருந்தான். குடித்தது மட்டுமல்ல, விழுங்கியிருந்தான்.

"என்ன சகல, கழுவுறதுக்குக் கொடுத்தா குடிச்சுட்டு நிக்கிற?"

"அண்ணே, இது கசிஞ்ச புகை இல்லண்ணே."

"உனக்கெப்படித் தெரியும்?"

"கசிஞ்ச புகைன்னா தொண்டையில அரிக்கும். ஈர விறகு, சாக்கு, பெயின்ட்டு, எல்லாப் புகையும் தின்னு பார்த்தவன்ணே நான். இது பிசின் உள்ள மரம். நல்லா காஞ்ச மரம். அவசரப்படாம, யாரோ வேணும்னே போட்ட புகை. அடியில பாருங்க, உலர்ந்த திராட்சை மாதிரி ஒரு தித்திப்பு இருக்கு. புகை அதைக் கெடுக்கவே இல்ல."

"போட்டவனுக்கு வேற வேலை இல்லியா?" என்றேன்.

வாசல் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. எங்கள் தலைமை டேஸ்டர் மேடம் நின்றுகொண்டிருந்தார். அது சீனாவிலிருந்து வந்த கறுப்புத் தேயிலையாம். பைன் விறகு எரித்து, அந்தப் புகையிலேயே இலையைக் காய வைப்பார்களாம். நாங்கள் என்ன சொல்கிறோம் என்று பார்க்க அவர்தான் வரிசையில் சொல்லாமல் வைத்திருந்தார். என் சீட்டை எடுத்துப் படித்தார். "அடுப்புக் கசிவு" என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னார், அவ்வளவுதான். பிறகு டிராயரைத் திறந்து ஒரு ஸ்பூனை எடுத்து என் சகலை கையில் கொடுத்தார். "நாளையிலேருந்து நீங்க கழுவ வேண்டாம். இவர் பின்னாடி வாங்க" என்றார்.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். "சறுக்கட்டும், என் தங்கச்சி வீட்டுக்காரருக்கு நல்ல காலம் பொறந்துச்சே" என்றாள் அவள். அன்றைக்குப் பற்றியதுதான் என் வயிறு.

அதற்குப் பிறகு அந்த சீன டீ மாதம் ஒரு தடவையாவது வரும். அதற்கென்று எங்கள் ரூமில் ஒரு ஒழுங்கு ஏற்பட்டது. அதன் டப்பாவுக்குத் தனி அலமாரி, இல்லாவிட்டால் பக்கத்து டப்பாவெல்லாம் புகை நாறும். அதற்குத் தனி ஸ்பூன். வரிசையில் அது எப்போதும் கடைசிக் கப். ஏனென்றால் அதை ஒரு வாய் உறிஞ்சினால் போதும், அரை மணி நேரத்துக்கு நாக்கு வேறு எதையும் உள்ளே விடாது. மற்ற டீயெல்லாம் வெந்நீர்தான். டேஸ்டிங் ரூமில் காலெடுத்து வைக்கிறவனுக்கு நாங்கள் சொல்லிக் கொடுக்கிற முதல் பாடமே இதுதான்.

வேலை இடத்தில் மட்டும் என்றால் பொறுத்திருப்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். ஒரு தடவை மேடம் கொடுத்தார் என்று அந்தத் தேயிலையில் ஒரு பொட்டலம் கொண்டுவந்தான். எங்கள் சமையலறையில், என் அடுப்பில், என் பாத்திரத்தில், பால் இல்லாமல், சர்க்கரை இல்லாமல் போட்டு என் மனைவிக்குக் கொடுத்தான்.

"அக்கா, மூக்கு சொல்றதை நம்பாதீங்க. ஒரு வாய் குடிச்சுட்டுக் கொஞ்சம் இருங்க. நல்ல குளிர்ல நடந்து வர்றோம், யாரோ உள்ள அடுப்பு மூட்டி வெச்சிருக்காங்க, கதவைத் திறந்து இப்பத்தான் உள்ள போறோம். அது மாதிரி இருக்கும் பாருங்க."

அவள் குடித்தாள். கொஞ்சம் இருந்தாள். "அட, ஆமா!" என்றாள்.

அந்த 'அட ஆமா'வை நான் கல்யாணமான நாளிலிருந்து கேட்டதில்லை. இருபத்திரண்டு வருடமாக டீயைப் பற்றி அவளிடம் நான் சொன்னதெல்லாம் நிறம் போதும், கனம் போதாது, துவர்ப்பு தூக்கல், இவ்வளவுதான். அன்று அவர்கள் போன பிறகு அவள் என்னிடம் கேட்டாள்: "இவ்வளவு வருஷம் டீ குடிச்சே சம்பளம் வாங்குறீங்க. ஒரு நாளாவது ஒரு டீயைப் பத்தி நல்லா இருக்குன்னு சொல்லியிருக்கீங்களா?"

"குடிக்கலாம்னு சொல்லியிருக்கேனே."

"அதைத்தான் சொல்றேன்" என்றாள்.

எனக்குப் பொறாமை என்று ஒரே சொல்லில் சொன்னால் நியாயமாக இருக்காது. அவனுடைய பதவி உயர்வு ஒரு பக்கம் இருக்கட்டும். அவன் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறானே, அந்த நேரம் எனக்கு வேண்டியிருந்தது. ஒரு நாள் அந்தப் பொட்டலத்தின் மிச்சத்தைத் தனியாகப் போட்டுக்கொண்டு, ஜன்னலோரம் நின்று, விழுங்கிப் பார்த்தேன். கண்ணையும் மூடினேன். குளிரும் வரவில்லை, கதவும் திறக்கவில்லை. வெறும் புகை. "தலைவலியா?" என்று கேட்டாள் மனைவி. அவ்வளவுதான் என் ரசனைக்குக் கிடைத்த மரியாதை.

மூன்று வருடம் இப்படியே போனது. மேடம் ஓய்வு பெறுகிற வருடம் வந்தது. அவருடைய நாற்காலிக்கு இரண்டு பேர்தான். ஒன்று நான், இன்னொன்று அவன். அனுபவத்தை வைத்துப் பார்த்தால் அது எனக்குத்தான். ஆனால் மேடம், "ரெண்டு பேரும் ஒரு வரிசை குடிங்க. சீட்டைப் பார்த்துச் சொல்றேன்" என்றார். இருபது டப்பா. பெயர் கிடையாது, எண் மட்டும். எதில் என்ன இருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். வழக்கம்போல வரிசை வைப்பது சீனியர் வேலை, அதாவது என் வேலை.

அன்று காலை சீக்கிரமே போய் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து தராசில் நிறுத்தேன். ஏழாவது டப்பாவைத் திறந்ததும் புகை வந்து மூக்கில் அறைந்தது. யாரும் சொல்ல வேண்டியதில்லை, அதுவேதான். கடைசிக் கப்பில் போடக் கை போனது. போன கை நின்றது.

இதில் நான் யோசித்துச் செய்தேன் என்று சொன்னாலும் பொய், யோசிக்காமல் செய்தேன் என்று சொன்னாலும் பொய். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முற்றத்தில் அவன் காலை இழுத்து இழுத்து நடந்து வந்துகொண்டிருந்தான். லோடு ஆட்களில் ஒருவன் "நாக்கு சார், இன்னிக்குத் தூள் கிளப்புங்க!" என்று கத்தினான். நான் ஜன்னலில் கையை உயர்த்தினேன். அவன் என்னைப் பார்த்துக் கத்தவில்லை. என் சகலையைப் பார்த்துக் கத்தினான். அந்தப் பெயரும் கைமாறிவிட்டது. ஏழாம் எண் டீயை முதல் கப்பில் போட்டேன்.

தண்ணீர் ஊற்றி, வடித்து, எல்லாம் தயார். எங்கள் வழக்கப்படி சீனியர் முன்னால் போவான், மற்றவன் இரண்டு கப் தள்ளிப் பின்னால் வருவான். தொட்டி இரண்டு பேருக்கும் நடுவில் உருளும். அவன் உள்ளே வந்ததுமே மூக்கைத் தூக்கினான்.

"அண்ணே, இது கடைசில இல்ல இருக்கணும்?"

"மேடம் சொன்ன வரிசை" என்றேன். வாய் கூசவில்லை. "நானும் அதைத்தான முதல்ல குடிக்கப் போறேன். பின்னாடி வா."

முதல் கப்பில் ஸ்பூனைத் தொட்டேன், அள்ளவில்லை. ஈர ஸ்பூனை உதட்டில் வைத்து 'சுர்ர்ர்' என்று காற்றை உறிஞ்சினேன். துப்புவது போலவும் துப்பினேன். அந்தக் கப்புக்கு எதிரே, 'பைன் புகை, உலர்ந்த திராட்சைத் தித்திப்பு, நீண்ட ருசி, வாங்கலாம்' என்று எழுதினேன். வாசனைதான் மூக்கிலேயே இருக்கிறதே. மற்ற வார்த்தைகள் அவனுடையவை, மனப்பாடம். அடுத்த கப்புக்கு நகர்ந்தேன். என் நாக்கு குழந்தை நாக்கு மாதிரி சுத்தமாக இருந்தது. இரண்டாவது, மூன்றாவது என்று ஒவ்வொரு டீயும் தானாகவே தன் பெயரைச் சொன்னது. என் வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக நான் குடித்ததே இல்லை.

பின்னால் அவன் முதல் கப்பை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. ஸ்பூன் நிறைய அள்ளிய சத்தம். பிறகு இரண்டாவது கப். பிறகு வெறும் தண்ணீர் கொப்பளிக்கிற சத்தம். மறுபடி இரண்டாவது கப். மறுபடி தண்ணீர். நான் பத்தாவது கப்பில் இருந்தபோது அவன் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டான்.

மேடம் வந்தபோது என் சீட்டில் இருபது வரி இருந்தது. அவன் சீட்டில் ஒரே ஒரு வரி.

"என்ன இது?" என்றார்.

"நாக்குல புகை உக்காந்துடுச்சு மேடம். மத்ததுக்கு என்ன எழுதினாலும் அது பொய்யா இருக்கும். அதான் எழுதல."

மேடம் வரிசையைப் பார்த்தார். "இதை முதல்ல வெச்சது யாரு?"

சகலை என்னைப் பார்த்தான். நான் சொன்ன பொய் அவன் வாயில் இருந்தது. "நான்தான் மேடம், கை தவறிடுச்சு" என்றேன்.

"அப்ப நீங்களும் இதைத்தான் முதல்ல குடிச்சிருக்கீங்க. மீதி பத்தொன்பதும் எப்படி இவ்வளவு சரியா வந்துச்சு?"

"அனுபவம் மேடம்."

அவர் என் சீட்டின் முதல் வரியைப் படித்தார். பிறகு அவனுடைய ஒரே வரியைச் சத்தமாகப் படித்தார். 'வாயெல்லாம் புகை, அடியில் ஆளே இல்லை. இது விறகுப் புகை அல்ல, பாட்டில் புகை. வேண்டாம்.'

புதிய புரோக்கர் ஒருவன் சீன டீ என்று சொல்லி அனுப்பிய சாம்பிளாம் அது. சாதாரணத் தூளில் புகை எசென்ஸைத் தெளித்தது. வாசனை அசலேதான். குடித்தால்தான் வெறுமை தெரியும். "நம்ம டீ பத்தொன்பதையும் நீங்க ரெண்டு பேரும் தூக்கத்துலகூடச் சொல்லிடுவீங்க. நான் பார்க்க நினைச்சது இந்த ஒண்ணைத்தான்" என்றார் மேடம். பிறகு என் கண்ணைப் பார்த்துக் கேட்டார். "நீங்க இதைக் குடிச்சுட்டுத்தானா 'திராட்சைத் தித்திப்பு'ன்னு எழுதினீங்க?"

"குடிச்சேன் மேடம்."

அவர் சகலை பக்கம் திரும்பினார். "குடிச்சாரா? நீங்க பின்னாடிதான இருந்தீங்க?"

என் இருபத்தைந்து வருடமும் அவன் வாயில் இருந்தது. அவன் ஒரு வார்த்தை சொன்னால் நாற்காலி மட்டுமல்ல, வேலையே போயிருக்கும். குடிக்காமல் எழுதுகிறவனுக்கு எங்கள் தொழிலில் மன்னிப்புக் கிடையாது. அவன் முழங்காலைத் தடவிக்கொண்டான். "எனக்கு முன்னாடி போனாரு மேடம். நான் என் கப்பைத்தான் பார்த்துட்டிருந்தேன்" என்றான்.

ஒரே ஒரு கப் குடித்தவனுக்கு நாற்காலி கிடைத்தது. கெடுவான் கேடு நினைப்பான் என்று சின்ன வயதில் எழுதிப் பழகியிருக்கிறேன். அது எனக்காக எழுதியது என்று அப்போது நினைக்கவில்லை.

அன்று மேடம் போன பிறகு அவன் பழைய ஞாபகத்தில் கப்புகளை எடுத்துக் கழுவ ஆரம்பித்தான். நானும் பக்கத்தில் நின்று துடைத்து வைத்தேன். கடைசிக் கப்பும் முடிந்தது. குழாயை மூடிவிட்டுச் சொன்னான்: "அண்ணே, காலி ஸ்பூன் சத்தம் வேறண்ணே." திட்டுகிற குரல் இல்லை. டீயைப் பற்றிச் சொல்கிற அதே குரல். கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான்.

அவன் அன்றைக்கு என்னைக் காட்டிக் கொடுத்திருந்தால் அவனை வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். வீட்டிலும் சொல்லவில்லை. தன் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் என் மைத்துனிக்குத் தெரிந்தால் அரை மணி நேரத்தில் என் மனைவிக்குத் தெரிந்திருக்கும். நல்லவனைப் பார்த்துப் பொறாமைப்படுவதைப் போல அலுப்பான வேலை வேறு எதுவும் கிடையாது. அவன் ஒரு தப்பும் செய்யமாட்டேன் என்கிறான்.

இது நடந்து ஐந்து வருடமாகிறது. தலைமை டேஸ்டர்தான் வரிசையில் முன்னால் போக வேண்டும். அவன் மட்டும் முதல் நாளிலிருந்தே, "நீங்க முன்னாடி போங்கண்ணே" என்று எனக்கு வழி விடுகிறான். ரூமில் எல்லோரும் அதை மரியாதை என்கிறார்கள். மலரிலும் 'மூத்தவர்களை மதிப்பவர்' என்று நானே எழுதினேன். அவன் இரண்டு கப் தள்ளி, காலை இழுத்துக்கொண்டு பின்னால் வருகிறான். மரியாதைக்காக வருகிறானா, சத்தம் கேட்க வருகிறானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் முடியாது.

ஸ்பூன் நிறைய அள்ளுகிறேன், உறிஞ்சுகிறேன், துப்புகிறேன். கடைசிக் கப்பில் புகை டீ இருக்கும். எனக்கு இப்போதும் அது வெறும் புகைதான். எனக்குப் பின்னால் வந்து, அவன் அதை மட்டும் துப்பாமல் விழுங்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பான். அவன் கண்ணைத் திறக்கிற வரைக்கும் நான் அவனையே பார்த்துக்கொண்டிருப்பேன்.